‘இதய நலச் சாப்பாடு’: பெயருக்கு ஏற்ற இலையா?

கோவையில் ஒரு சிறிய சைவ உணவகம் ‘இதய நலச் சாப்பாடு’ என்ற பெயரில் 140 ரூபாய்க்கு மதிய உணவு வழங்குகிறது. சைவம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இப்பெயரைச் சூட்டியிருக்கிறார்களோ என்ற ஐயத்துடன்தான் சென்றேன். குவித்து வைத்த வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பாயசமும் சைவம்தான். ஆனால் அவை இதயத்தைக் காப்பதில்லை.

அமெரிக்காவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரையும் பிற மருத்துவத் துறையினரையும் நெடுங்காலம் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. முழுத்தானியம், பயறு, காய், பழம், கொட்டைகள் நிறைந்த உணவை மிகுதியாக உண்டவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாக உண்டவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு குறைந்திருந்தது. தீட்டிய தானியமும் இனிப்பும் மிகுந்த தாவர உணவை உண்டவர்களுக்கோ அது ஏறத்தாழ 32 விழுக்காடு கூடியிருந்தது. உண்பவர்களைக் கவனித்துக் கணக்கிட்ட ஆய்வு என்பதால் இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள இயலாது என்றாலும், ஓர் இலையை மதிப்பிட இது நல்ல அளவுகோல்.

அந்த அளவுகோலில் இச்சாப்பாடு பெரிதும் தேறிவிடுகிறது. கைக்குத்தல் அரிசிச் சோற்றை அளவாக வைத்து, தட்டைப்பயறுக் குழம்பு, கொள்ளு ரசம், அவரைக்காய்ப் பொரியல், முருங்கைக்கீரை, சுண்டல் ஆகியவற்றைத் தாராளமாகப் பரிமாறுகிறார்கள். பயறுகளிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், அவற்றை மீண்டும் உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. கொழுப்பைக் குறைக்கும் இவ்வேலையைச் செய்யும் பயறு, வேறெங்கும் தொட்டுக்கொள்ளும் அளவே கிடைக்கையில், இங்கே இலையின் நடுவே இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. கொள்ளு ரசத்தின் மணமும் காரமும் குறையின்றி அமைந்திருந்தன. பத்திய உணவு என்ற எண்ணமே எழவில்லை. பொரியலில் மட்டும் காய் சற்றுக் குழைந்திருந்தது.

குறை உப்பில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் உயரும், அது இதயத்தை நேரடியாகத் தாக்கும் என்பது தெரிந்திருந்தும், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் கேளாமலேயே வைக்கிறார்கள். மேலும், அப்பளம் பாமாயிலில் பொரிக்கப்படுவதாகப் பரிமாறியவரே சொன்னார். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி, எல்டிஎல்லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள், கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், அதன் அளவைத் திடீரெனக் கூட்டாமல் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் இங்கே தயங்காமல் உண்ணலாம். அப்பளமும் ஊறுகாயும் வேண்டாமென்று முன்கூட்டியே சொன்னால், அவற்றுக்குப் பதிலாக இன்னொரு கரண்டிச் சுண்டல் வைக்கிறார்கள்.