பாதி வழியில் முறிகண்டிக் கச்சான்: நடைக்காரர் எதை வாங்கலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்கு நடப்பவர்களுக்கு முறிகண்டிதான் பாதி வழி. யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர். மிச்சம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மடு மாதா கோவில் திருவிழாவுக்கு இந்த வீதியால் போகிறவர்களுக்கும் நல்ல தரிப்பிடம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினால் கச்சான் (நிலக்கடலை) கடைகள். பஸ்ஸில் போகிறவருக்கு அது கொறிக்கிற சாமான். நடக்கிறவருக்கோ மாங்குளம் வரைக்குமான சாப்பாடு. ஆகவே பார்த்து வாங்கவேண்டும்.

பைக்குள் போடுவதற்குக் கோதோடு வறுத்ததை வாங்குங்கள். கோது இருக்கும்வரை பருப்பில் காற்று அதிகம் படாது, சீக்கிரம் காறாது. உடைத்து உடைத்துத் தின்பதால் ஒரேயடியாக வயிற்றை நிரப்பவும் முடியாது. இடத்தை அடைக்கும் என்பதுதான் குறை.

அவிச்ச கச்சானை அங்கேயே இருந்து சாப்பிடுங்கள். உப்புத் தண்ணியில் அவிந்ததால் வேர்வையில் போன உப்பும் கொஞ்சம் திரும்பும், பல்லுக்கும் இதம். ஆனால் சூட்டோடு சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு போனால் உள்ளே வேர்த்து, பின்னேரத்துக்குள் புளித்துவிடும்.

கோது நீக்கி உப்பிட்டதை நடைக்கு நாங்கள் சொல்லமாட்டோம். கை போய்க்கொண்டே இருக்கும், தாகம் கூடும், கொண்டுபோகிற தண்ணி பாதி வழியிலேயே முடியும். கச்சான் அல்வா வெயிலில் இளகிக் கடதாசியோடு ஒட்டிவிடும். ஆசைக்கு ஒரு துண்டு கடையடியில் போதும்.

வாங்க முன்னம் ஒன்றை உடைத்துப் பாருங்கள். விரலால் தேய்த்தவுடன் தோல் கழன்று, பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுவிலும் இளம் பொன்னிறம் இருக்கவேண்டும். நடு வெள்ளையாக இருந்தால் பச்சை. சனம் கூடுகிற நேரத்தில் தாச்சி மணல் சரியாகச் சுடமுதல் கச்சானைக் கொட்டினாலோ, அளவுக்கு மேல் கொட்டினாலோ இப்படித்தான் வரும். பச்சைக் கச்சான் வயிற்றை ஊதவைக்கும். வயிறு ஊதினால் நடை போச்சு.

காலமும் முக்கியம். வன்னியில் மாரி மழையோடு விதைக்கிற கச்சானைத் தை, மாசியில் பிடுங்குவார்கள். பங்குனியில் கிடைப்பதுதான் ருசி. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு நடக்கும்போது கைக்கு வருவது பெரும்பாலும் அரை வருடம் சாக்கில் கிடந்தது. ஈரம் பட்ட சாக்கென்றால் பூஞ்சணம் பிடித்திருக்கும். கோதில் கறுப்பு, மூக்கில் மக்கல் மணம் இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கசந்த பருப்பை "ஒன்றுதானே" என்று விழுங்காமல் துப்பி, வாயைக் கொப்பளியுங்கள். பூஞ்சணம் விடுகிற அஃப்ளாடொக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அளவு: ஆளுக்குக் கோதோடு 250 கிராம். கோது போக 175 கிராம் அளவில் பருப்பு மிஞ்சும், ஏறத்தாழ 1000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் மாங்குளம் வரை 20 கிலோமீற்றர் நடக்கிற செலவுக்கு அது கிட்டத்தட்டச் சரி. ஆனால் கச்சானில் பாதி கொழுப்பு. மெதுவாகத்தான் பலன் தரும். அதனால் பனங்கட்டியும் கையில் வேண்டும். மணிக்கு ஒருமுறை ஒரு பிடி கச்சான், ஒரு கடி பனங்கட்டி, அரை லீற்றர் தண்ணி. மொத்தத்தையும் முறிகண்டியிலேயே முடித்துவிட்டு எழும்பினால் கொக்காவில் வருவதற்குள் நெஞ்செரிவு வரும்.

தண்ணி மூன்று லீற்றராவது நிரப்பிக்கொள்ளுங்கள். இருபக்கமும் காடு இருந்தாலும் வீதி அகலம். ஒன்பது மணிக்குப் பிறகு மரநிழல் நடக்கிற கரைக்கு எட்டாது. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறமுதல் பெரும்பகுதியைக் கடக்கலாம்.

சுண்டுப் பேணியால் அளந்து தருகிற இடமாகப் பார்த்து வாங்குவது நல்லது. சாமானைக் கண்ணால் கண்டு வாங்கலாம். கட்டிவைத்த பைக்கற்றென்றால் வெளிச்சத்திலேயே பிரித்துத் துணிப்பைக்கு மாற்றுங்கள். விடியப்புற இருட்டில் நடந்துகொண்டே பிரித்தால் பைக்கற்றை மூடக் குத்திய ஸ்டேப்பிள் கம்பியும் கச்சானோடு சேர்ந்து வாய்க்குள் போகும்.