லண்டனில் ‘லே மிஸரபிள்’: ஜாவரின் பாட்டைக் கேட்கப் போனேன்

விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட ‘லே மிஸரபிள்’ நாவல், சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகவே எனக்கு அறிமுகமானது. 1950-இல் அதே பெயரில் வந்த திரைப்படத்தில் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்னும் பாத்திரப் பெயரே வாழ்நாள் அடைமொழியாக நிலைத்துவிட்டது. அந்த ஜாவர் மேடையில் பாடினால் எப்படி இருக்கும் என்னும் ஆவல்தான் என்னை ஷாப்ட்ஸ்பரி அவென்யூவில் உள்ள சோந்தைம் அரங்குக்கு அழைத்துச் சென்றது.

1985 அக்டோபரில் பார்பிக்கன் அரங்கில் தொடங்கிய இந்த ஆங்கில இசை நாடகம், பேலஸ் அரங்கில் பல்லாண்டுகள் நடந்து, 2004-இல் இங்கே வந்து சேர்ந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இதில் வெறும் வசனம் மிகக் குறைவு. சண்டையும் சாவும்கூடப் பாட்டாகவே வருகின்றன.

ரொட்டி திருடியதற்காகவும் தப்பியோட முயன்றதற்காகவும் 19 ஆண்டுகள் சிறையில் கிடந்து வெளிவரும் வால்ழான், தனக்குச் சோறிட்ட பிஷப்பின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடிப் பிடிபடுகிறான். அவற்றைத் தாமே கொடுத்ததாகக் காவலர்களிடம் சொல்லும் பிஷப், அவன் எடுக்க மறந்ததாக இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் எடுத்து நீட்டுகிறார். அந்தக் கருணைக்கு முன் கூசிப்போய், தனியே நின்று அவன் பாடும் மெட்டு, கிட்டத்தட்ட நாடகத்தின் முடிவில் ஜாவரின் வாயிலிருந்து மீண்டும் எழுகிறது. தான் வேட்டையாடிய வால்ழானே தனக்கு உயிர்ப்பிச்சை அளித்துவிட்டதைத் தாங்க மாட்டாமல், சீன் நதிப் பாலத்தில் நின்று அவன் பாடுகிறான். அதே மெட்டில் வால்ழான் புதுமனிதனானான்; ஜாவர் ஆற்றில் விழுகிறான். ஹ்யூகோ பல பக்கங்களில் எழுதிக் காட்டிய மனப்போராட்டத்தை, இசையமைப்பாளர் ஷோன்பெர்க் ஒரு மெட்டைத் திரும்ப ஒலிக்கவிட்டே உணர்த்திவிடுகிறார். கடைசிச் சுரத்தை நடிகர் நீட்டிக்கொண்டிருக்கும்போதே பாலம் மேலே எழும்ப, பின்திரையில் சுழலும் நீர் அவரை உள்ளிழுத்துக்கொண்டது. என் பக்கத்தில் இருந்த மூதாட்டி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் மூச்சு விட மறந்திருந்தேன்.

இந்தப் பின்திரைக் காட்சிகள் ஹ்யூகோ தாமே வரைந்த மை ஓவியங்களைத் தழுவியவை. 2019 வரை இருந்த புகழ்பெற்ற சுழல் மேடை இப்போது இல்லை என்பதில் பழைய ரசிகர்களுக்கு வருத்தம் உண்டு. எனினும், கிளர்ச்சியில் காயம்பட்ட மாணவன் மாரியூஸைச் சுமந்துகொண்டு வால்ழான் சாக்கடைச் சுரங்கத்தில் நடக்கையில், இருண்ட வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி வழிவிடுவதைப் பார்த்தபின் எனக்கு அந்த ஏக்கம் எழவில்லை.

குறை என்று சொன்னால், ஏழைத் தாயான ஃபான்டீனின் வீழ்ச்சி மிக விரைவாக முடிந்துவிடுகிறது. வேலையும் கூந்தலும் மானமும் அவளை விட்டுப் போவதை நாவலில் அணு அணுவாகப் படித்தவர்களுக்கு இந்த அவசரம் உறுத்தும். நாவல் படிக்காதவர்கள் கதைச் சுருக்கத்தையாவது படித்துவிட்டுச் செல்வது நல்லது. இதில் வரும் கிளர்ச்சி 1789-இன் பிரெஞ்சுப் புரட்சி அன்று, 1832 ஜூன் மாதத்தில் பாரிஸில் எழுந்து இரண்டே நாளில் நசுக்கப்பட்ட எழுச்சி என்பதை அறிந்திருந்தால், தடுப்பரணில் நிற்கும் மாணவர்களின் தனிமை இன்னும் ஆழமாகத் தைக்கும். நான் முதல் மாடத்தின் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். பாலமும் பின்திரையும் தடுப்பரணின் உச்சியும் முழுமையாகத் தெரிந்தன. சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் அங்கேயே இடம் பிடியுங்கள்.