டங்ஸ்டனா, தாண்டலமா?

திருகோணமலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில், டங்ஸ்டன் ஊசி சீமெந்துத் தரையில் விழுந்து 'டக்'கென்று முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அதன் உருகுநிலை 3422 பாகை செல்சியஸ். இன்னொரு உலோகமான தாண்டலத்துக்கு 3017 தான்.

ஆனால் வேகமாகப் பாயும் புரோத்தன் துகள்களின் கற்றை வந்து மோதுவதற்கு இலக்காக வைக்கும் உலோகத்தைத் தெரியும்போது, உருகுநிலைக் கணக்கு மட்டும் போதாது. கண்ணிமைக்கும் முன்னே நடுப்பகுதி சூடாகி, விரிய இடமில்லாமல், அதிர்வலையாக உலோகத்தை அமுக்கி இழுக்கிறது. அங்கே வேண்டியது முறியாமல் வளைந்துகொடுக்கும் நெகிழ்வு. 2015 இல் ஐரோப்பாவின் சேர்ன் துகள் ஆய்வுகூடத்தில் 440 கிகா இலத்திரன்வோல்ற்று ஆற்றலுள்ள புரோத்தன் கற்றையை மெல்லிய கோல்கள்மீது பாய்ச்சிப் பார்த்தார்கள். டங்ஸ்டன் உள்ளே வெடிப்பு விட்டது, தாண்டலம் தாக்குப்பிடித்தது.

குளிர்விக்கும் நீரும் டங்ஸ்டனை அரிக்கும். அதனால்தான் பிரித்தானியாவின் ஐசிஸ் நியூத்திரன் ஆய்வு நிலையத்தில் டங்ஸ்டன் இலக்குக்குத் தாண்டல உறை போடுகிறார்கள். அடிதாங்க வேண்டுமென்றால் என் தெரிவு தாண்டலமே.