புதுக் கம்ப்யூட்டருக்கு மாறுவது: குளோனா, கிளவுடா, கையால் நகலா?

பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற மூன்று வழிகள் உண்டு. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்துப் புதியதில் இறக்கிவிடலாம். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டு, புது மெஷினில் லாகின் செய்து இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் புது விண்டோஸை வந்தபடியே விட்டுவிட்டு, சாஃப்ட்வேரைப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க் மூலம் நகலெடுக்கலாம். அண்மையில் லேப்டாப் மாற்றியபோது நான் எடுத்தது மூன்றாவது வழி. அடுத்த முறையும் அதையேதான் செய்வேன் என்பதால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் பல வருடம் ஓடிய மெஷினை விட்டு மாறுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பழையதும் புதியதும் எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்கு எந்த வழி என்பதும் முக்கியமாகிறது.

நேரத்தைப் பார்த்தால் குளோன்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தால், ஒரு மாலைக்குள் பழைய டெஸ்க்டாப் படம்கூட மாறாமல் வேலையைத் தொடரலாம். ஆனால் அந்த ‘நல்லபடியாக’ என்பதில்தான் சிக்கல். குளோன் செய்த விண்டோஸ் முதல் முறை எழும்போது, புது மெஷினின் டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சின்ன சாஃப்ட்வேர்) அதனிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீலத்திரையில் ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று எழுதிக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். 11-ஆம் தலைமுறை இன்டெல் சிப்களிலிருந்து பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற, டிஸ்க்கை நிர்வகிக்கும் ஏற்பாடு ஆன் செய்யப்பட்டே வருகிறது. பழைய விண்டோஸுக்கு அதன் டிரைவர் தெரிந்திருக்காது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) வி.எம்.டி.யை நிறுத்திவிட்டு, ஒருமுறை அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடில் எழுப்பினால் பெரும்பாலும் சரியாகும். சில பயாஸ்களில் அதை நிறுத்தும் இடமே கண்ணில் படாது.

அதைத் தாண்டினாலும் அடுத்தடுத்து வரும். பழைய டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பகுப்பு முறையில் இருந்தால், யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய பூட் முறை மட்டும் தெரிந்த புது மெஷின் அதிலிருந்து பூட் ஆகாது, ஜி.பி.டி. என்ற புதிய பகுப்பு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரை எடுக்காமல் குளோன் செய்திருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். ஹோம் பதிப்பு உரிமத்தோடு வந்த மெஷினில் ப்ரோ பதிப்பின் குளோனை இறக்கினால் ஆக்டிவேஷன் தகராறு. இவை எதுவும் தீர்க்க முடியாதவை அல்ல. ஆனால் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் இதிலேயே போய்விடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே மெஷினில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுகிறீர்கள் என்றால், யோசிக்காமல் குளோன் செய்யுங்கள். குளோன் அதற்கென்றே ஆன வழி.

கிளவுட் வழியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரவுசரும் சில ஆவணங்களும்தான் உங்கள் உலகம் என்றால் அதுவே போதும். இலவசமாக ஒன்டிரைவ் 5 ஜி.பி., கூகுள் 15 ஜி.பி. தருகின்றன, புகைப்படம் சேர்ப்பவர்களுக்கு அது காணாது. விண்டோஸ் பேக்கப் செட்டிங்குகளைக் கொண்டுவரும். டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்களின் ஐகான்களும் வந்து உட்காரும், ஆனால் அழுத்தினால் ‘நிறுவிக்கொள்’ என்று காட்டும், அவ்வளவுதான்.

இனி என்னை மூன்றாவது வழியின் பக்கம் தள்ளிய காரணத்துக்கு வருகிறேன். வேகம், வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான். புது மெஷின் தகராறு செய்தால் குற்றம் யாருடையது என்று சொல்ல முடிய வேண்டும். புதுப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் எங்குமே குறுகியது. மெமரியிலோ வைஃபை கார்டிலோ கோளாறு இருந்தால் அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். குளோன் செய்த மெஷின் திடீரென அணைந்தால் சந்தேகப்பட எத்தனை பேர்! முந்தைய போர்டின் சிப்செட் டிரைவர், எப்போதோ நீக்கிய ஆன்டிவைரஸின் மிச்சம், பழைய பிரிண்டர் சாஃப்ட்வேர், இத்தனைக்கும் நடுவே உண்மையிலேயே கெட்டுப்போன ஒரு ரேம் மெமரி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கும். முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டும் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது.

என் புது லேப்டாப்பிலும் கோளாறு வந்தது. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் வைஃபை காணாமல் போகும், ரீஸ்டார்ட் செய்தால் வரும். அதில் அப்போது விண்டோஸும் ஒரு பிரவுசரும்தான் இருந்தன. ஆகவே தேட வேண்டிய இடம் சின்னது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன். பிரச்சினை குறைந்ததே தவிரப் போகவில்லை. விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்டிருந்த டிரைவரை நீக்கிவிட்டு, லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருந்ததை நிறுவிய பிறகு நின்றது. பழைய வி.பி.என். சாஃப்ட்வேரும் அதன் நெட்வொர்க் அடாப்டர்களும் குளோனோடு வந்திருந்தால், முதலில் அவற்றைத்தான் நோண்டிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. சர்வீஸ் ஆட்களிடம் போனால் பெரும்பாலும் வரும் முதல் பதில், ‘ரீசெட் செய்து பாருங்கள்’. காலியான மெஷினை ரீசெட் செய்ய யாருக்கும் வலிக்காது. மேலும், டிஸ்க் மேல் குளோனை இறக்கும்போதே நிறுவனம் வைத்திருந்த ரிகவரி பகுதியும் அழிந்துவிடுகிறது. ‘கடையிலிருந்து வந்த நிலை’ என்று திரும்பிப் போக அப்புறம் இடமே இல்லை.

அதனால் முதல் சில நாட்கள் மெஷினைக் காலியாகவே ஓட விட்டேன். அப்டேட்கள், எல்லா போர்ட்டுகளும், கேமரா, தூங்கி எழுவது, ஓர் இரவு முழுக்க மெமரி சோதனை. அதன் பிறகுதான் சாஃப்ட்வேர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நேற்று வரை ஒழுங்காக இருந்தது இன்று சண்டித்தனம் செய்தால் நேற்று நிறுவியதைப் பார்த்தால் போதும்.

இந்த வழியின் குறை, எதையாவது விட்டுவிடுவோம் என்பதுதான். டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் யாருக்கும் நினைவிருக்கும். சாஃப்ட்வேர்கள் தங்கள் செட்டிங்குகளையும் தரவையும் வைக்கும், மறைந்து கிடக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர்தான் ஏமாற்றும். குரோம் தன் பாஸ்வேர்டுகளை அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறது. ஃபோல்டரை நகலெடுத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்ட் வராது. சிங்க் செய்ய வேண்டும், அல்லது கோப்பாக ஏற்றுமதி செய்து, வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்துவந்தால் பாஸ்வேர்டும் கூடவே வந்துவிடும். தமிழில் எழுதுகிறவர்கள் எழுத்துருவை மறந்துவிடக் கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம் புது மெஷினில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். ஆவணம் கெடவில்லை, எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள், மேக ஐகான் உள்ள கோப்புகள் உண்மையில் டிஸ்க்கில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் இறக்கிக்கொண்டு பிறகு நகலெடுங்கள்.

நகலெடுக்க நான் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கருவியைப் பயன்படுத்தினேன். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் முயற்சி எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். சும்மா விட்டால், படிக்க முடியாத ஒரு கோப்புக்காக 30 வினாடிக்கு ஒரு முறை, 10 லட்சம் தடவை முயலும். பழைய டிஸ்க்கில் ஒரு கெட்ட செக்டர் இருந்தால் அங்கேயே குடித்தனம் நடத்திவிடும்.

மேக்கிலிருந்து மேக்குக்கு மாறுகிறவர்களுக்கு என் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. மேக்கில் உள்ள மைக்ரேஷன் அசிஸ்டென்ட் என்ற கருவி செயலிகளையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறது. மெஷினும் சிஸ்டமும் ஒரே நிறுவனத்துடையது என்பதால் டிரைவர் சண்டைக்கு அங்கே அதிக இடமில்லை. ஆனால் நான் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கணக்குக் கோப்பு அந்த வேலை வரும்போதுதான் நினைவுக்கு வரும். இத்தனை மெஷினுக்குத்தான் என்று எண்ணிக் கொடுக்கும் சாஃப்ட்வேர்களில், பழைய மெஷின் எழும் நிலையில் இருக்கும்போதே உரிமத்தை விடுவித்துவிடுங்கள். டிஸ்க்கை அழித்த பிறகு அதற்காக நிறுவனத்துக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டி வரும்.