நியூமெரிஸ் ரேட்டிங்: சிஎஃப்எல்லையும் என்எஃப்எல்லையும் ஒப்பிட உதவுமா?

கனடாவில் சிஎஃப்எல் (கனடிய ஃபுட்பால் லீக்), என்எஃப்எல் (அமெரிக்காவின் ஃபுட்பால் லீக்) போன்றவற்றில் எந்த லீகுக்கு டிவியில் கூட்டம் அதிகம் என்று பார்க்க, பார்வையாளர்களை அளக்கும் நியூமெரிஸ் அமைப்பின் எண்கள்தான் பிரதானம். பேனலில் (அளவீட்டுக்குத் தேர்ந்தெடுத்த மாதிரிக் குழுவில்) இருப்பவர் உடன் வைத்திருக்கும் சின்னக் கருவி, ஒளிபரப்பின் ஒலிக்குள் புதைந்த, காதுக்குக் கேட்காத குறியீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஞாபகத்திலிருந்து டைரியில் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கோளாறு பெரும்பாலும் படிக்கிற விதத்தில்தான். 180 நிமிட ஆட்டத்தை 10 லட்சம் பேர் முதல் 90 நிமிடம் மட்டும் பார்த்தால் ரீச் (கொஞ்ச நேரமாவது பார்த்தவர்களின் எண்ணிக்கை) 10 லட்சம். நிமிடச் சராசரியோ 5 லட்சம்தான். ஒரு லீகின் ரீச்சை இன்னொன்றின் சராசரியோடு மோதவிட்டால் அந்த ஒப்பீடே செல்லாது. இந்தத் தவறைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்!

மாதமும் முக்கியம். ஜூலையில் சிஎஃப்எல்லுக்கு என்எஃப்எல் போட்டி கிடையாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும் செப்டம்பர், அக்டோபர் வாரங்களை எடுங்கள். சேனலும் முக்கியம்: டிஎஸ்என் என்ற விளையாட்டுச் சேனலுக்குச் சந்தா வேண்டும், சிடிவி என்ற பொதுச் சேனல் ஆன்டெனாவிலேயே கிடைக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. சிஎஃப்எல் அணியான மொன்ட்ரியல் அலூவெட்ஸின் ஆட்டமென்றால் ஆர்டிஎஸ் என்ற பிரெஞ்சு விளையாட்டுச் சேனலின் எண்ணையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கியூபெக்கின் பிரெஞ்சுப் பார்வையாளர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

எம்எல்எஸ் என்ற கால்பந்து லீகுக்கு நியூமெரிஸ் போதாது: 2023 முதல் அதன் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆப்பிளின் ஸ்ட்ரீமிங்கில்தான். ஒரே லீகை, ஒரே சேனலில், போன சீசனோடு ஒப்பிட நியூமெரிஸைத் தாராளமாக நம்பலாம்.