கீசருக்குக் காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் மேட்டூர் காவேரித் தண்ணி, இன்னொன்றில் போர் தண்ணி. போன மாதம் கீசரைக் கழற்றினால், தண்ணியைச் சூடாக்கும் காயில் (coil) கண்ணுக்கே தெரியவில்லை; முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக உப்பு அப்பியிருந்தது. போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பனேட்டாகிப் படிகிறது. அந்தப் படிவால் தண்ணிக்குச் சூடு சரியாக ஏறாது, கரண்ட் பில் கூடும், கடைசியில் காயில் எரிந்துபோகும். வாஷிங் மெஷினில் சோப்பு நுரைக்காது, துணியும் விறைக்கும்.



காவேரித் தண்ணி காய்ச்சும் கெட்டிலில் லேசான படலம்தான். எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்கவிட்டால் போய்விடும். ஆனால் காவேரித் தண்ணி தினமும் வராதே! அதனால் கீசருக்கும் மெஷினுக்கும் மட்டும் காவேரித் தொட்டியிலிருந்து தனி பைப் இழுத்துவிடுங்கள். பாத்ரூம் கழுவப் போர் தண்ணி போதும்.