கும்பகோணத்துக்கு கிட்ட பாய்மரப் படகு விட எந்த ஏரி சரி? ரெண்டு சீசன் அலைஞ்சு பாத்த ரிவ்யூ

பாய்மரப் படகு வெச்சிருக்கேன்னு சொன்னா எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "கடல்லயா விடுறீங்க, நாகப்பட்டினத்துலயா?" இல்லைங்க, ஏரியில. சென்னையில வேலை பாத்த காலத்துல துறைமுகத்துக்குள்ள ஓட்டக் கத்துக்கிட்டேன், ஊருக்கு திரும்பி வந்தப்பறமும் ஆசை விடல, லேசர்ங்குற சின்ன பாய்மரப் படகு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன். இப்ப அதுக்கு இல்கான்னு பேரு மாத்திட்டாங்க, படகு அதேதான், நீளம் 4.2 மீட்டர், வெறும் படகு மட்டும் 59 கிலோ, பாய் 7 சதுர மீட்டர். அடியில சொருகுற பலகை தண்ணிக்குள்ள ரெண்டரை அடிக்கு மேல எறங்கும். இந்த ரெண்டரை அடியை ஞாபகம் வெச்சுக்கங்க, டெல்டாவுல எந்த ஏரி ஆகும் எது ஆகாதுன்னு பாதி முடிவு அதுலயே வந்துரும்.

கும்பகோணத்துல இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிட்டு வரணும், வருஷத்துல ஆறேழு மாசமாவது தண்ணி நிக்கணும், காத்து மறைக்காம வரணும், படகை வெச்சுட்டு வர ஒரு எடம் வேணும். இவ்ளோதான் எனக்கு தேவை.

மொதல்ல தஞ்சாவூர் பக்கம் போனேன். மாரியம்மன் கோயில் கிட்ட இருக்குற சமுத்திரம் ஏரி பேருக்கேத்த மாதிரி ஒரு காலத்துல இருந்திருக்கும், டவுனுக்கு ரொம்ப கிட்ட, சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு போற தூரம். ஆனா நான் போனப்ப ஆகாயத்தாமரை கரையோரம் மண்டிக் கிடந்துச்சு, சுக்கான்ல ஒரு தடவை அது சுத்துச்சுன்னா படகு ஆணி அடிச்ச மாதிரி நின்னுரும். பெடல் போட்டுக்கு போதும், நமக்கு ஆகாது. வடுவூர் ஏரியைப் பாத்தா யாருக்கும் ஆசை வரும், மன்னார்குடி ரோட்டுல போறப்ப அந்த தண்ணிப்பரப்பு அப்படியே கண்ணை இழுக்கும், ஆனா அது 1999ல இருந்து பறவைகள் சரணாலயம், 2022ல ராம்சார்ங்குற சர்வதேச சதுப்புநிலப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. அங்க படகு விடணும்னு யோசிக்கவே கூடாது, பாய் படபடன்னு ஒரு தடவை அடிச்சாலே மொத்த பறவையும் கெளம்பிரும். பைனாகுலர் எடுத்துக்கிட்டு மார்கழியில போங்க, அதுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுக்குள்ள காயல் இருக்கேன்னு ஒரு நண்பர் சொன்னார். தூரமும் ஜாஸ்தி, உப்புத்தண்ணி வேற, ஒவ்வொரு தடவையும் படகையும் கப்பியையும் நல்ல தண்ணி ஊத்தி கழுவணும், விட்டுட்டேன்.

அணைக்கரை பத்தி மட்டும் கொஞ்சம் அழுத்தி சொல்லணும். கும்பகோணம் சென்னை ரோட்டுல போறப்ப கீழணைக்கு மேல கொள்ளிடம் பாக்க குளம் மாதிரி அகலமா, அமைதியா நிக்கும், "இதை விட்டுட்டு ஏன் எங்கயோ போறீங்க"ன்னு என் மச்சானே கேட்டான். அங்க முதலை இருக்குங்க. கொள்ளிடத்துல, சிதம்பரம் பக்கத்து ஓடை வாய்க்கால்ல எல்லாம் முதலை நடமாட்டம் உண்டு, ஆத்துல எறங்குனவங்களை கடிச்ச சம்பவமும் நடந்திருக்கு. லேசர் மாதிரி படகுல கவுறது சகஜம், கத்துக்குற ஆளு ஒரு நாளைக்கு பத்து தடவை தண்ணியில விழுவான். ஷட்டர் தொறந்தா இழுப்பு வேற. தயவுசெஞ்சு அங்க எறக்காதீங்க.

கடைசியில வந்து நின்னது வீராணம். அணைக்கரை தாண்டி மீன்சுருட்டி வழியா காட்டுமன்னார்கோயில், எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகுது. பராந்தக சோழன் காலத்து ஏரி, வீரநாராயணன்ங்குற அவரு பட்டப்பேருதான் ஏரிக்கு, நம்ம வாயில வீராணம் ஆயிருச்சு. கரை மட்டுமே கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், தெக்கு வடக்கா நீண்டு கெடக்கு. லால்பேட்டை பக்கம் கரை மேல ஏறி நின்னப்ப எதிர்க்கரை சரியா தெரியல, எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு.

ஆனா மொத தடவை நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. பேப்பர்ல எப்பவும் "வீராணம் முழு கொள்ளளவான 47.50 அடியை எட்டியது"ன்னு வரும்ல, அதைப் படிச்சுட்டு ஏதோ 47 அடி ஆழம்னு நெனச்சுட்டேன். அது கடல் மட்டத்துல இருந்து கணக்கு, ஏரியோட ஆழம் இல்ல. மொத்தம் 1,465 மில்லியன் கன அடி, அதை அந்தப் பெரிய பரப்புக்கு பிரிச்சுப் பாத்தா சராசரியா ஒரு ஆள் உயரம்கூட வராது, வண்டல் வேற சேந்திருக்கு. இது தெரியாம நடு ஏரியில ஒரு அடி காத்துக்கு படகு கவுந்துச்சு. பக்கவாட்டுல சாயும், பலகை மேல ஏறி நின்னு நிமித்திரலாம்னு பாத்தா, அது தலைகீழா திரும்ப ஆரம்பிச்சு, பாய்மரம் இருபது அடி நீளம்ல, நுனி போயி அடிச்சேத்துல குத்திக்கிச்சு. பலகை மேல ஏறி என்ன தொங்குனாலும் அசையல. பக்கத்துல வலை எடுத்துக்கிட்டு இருந்த அண்ணன் ஒருத்தர் பரிசலைத் தள்ளிக்கிட்டு வந்து, "தம்பி மல்லுக்கட்டாதீங்க, மரம் வளைஞ்சுரும், காத்தடிக்கிற பக்கமா மூக்கைத் திருப்பிவிடுங்க, அதுவா வரும்"னாரு. அவரு அணியத்தைப் புடிச்சு மெதுவா திருப்ப, சேறு விட்டுக்குடுத்துச்சு. பாய் நுனியில ஒரு சாண் அளவுக்கு கறுப்பு சேறு, அதுக்குள்ள ரெண்டு நத்தை ஓடு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு தோச்சாலும் அந்தக் கறை இன்னும் போகல.

அதனால சொல்றேன், ஏரியை தண்ணி நிரம்பி அழகா இருக்கும்போது பாத்து முடிவு பண்ணாதீங்க. தண்ணி கொறஞ்சு தரை தெரியுற சமயத்துல ஒரு தடவை போயி கரையோரமா நடங்க. எங்க மேடு, எங்க பள்ளம், எங்க கருவேலங்கட்டை நிக்குது, எங்க பழைய கல்லு கெடக்குதுன்னு எல்லாம் தெரிஞ்சுரும். அப்ப நான் போன்ல எடுத்து வெச்ச போட்டோதான் இன்னைக்கும் எனக்கு மேப்.

அடுத்தது காத்து. ஆனி, ஆடியில மேல்காத்து, காலையில ஒரு எட்டு மணி வரைக்கும் பதமா இருக்கும், வெயில் ஏற ஏற வேகம் புடிக்கும். நடு ஆடியில மத்தியானத்துல புதுசா ஓட்டுறவங்க எறங்கவே வேணாம். அதே லேசர்ல சின்ன பாய் மாட்டலாம், ரேடியல்னு சொல்வாங்க, நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஓட்டுனது அந்த ரேடியல்தான், ஆடிக்கு எனக்கு அதுதான் சரியா இருக்கு. மாசி, பங்குனியில மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடல் பக்கத்துல இருந்து கீழ்காத்து எறங்கும், ஒரே சீரா, கத்துக்குறதுக்கு அதைவிட நல்ல காத்து கெடையாது.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா வீராணத்தோட பெரிய கரை கெழக்குப் பக்கம். ரோடும் அங்கதான், டீக்கடையும் அங்கதான், படகை எறக்க வசதின்னு எல்லாரும் அங்கதான் போவாங்க. ஆனா மேல்காத்து அடிக்கிறப்ப அலை மொத்தமும் அந்தக் கரையிலதான் வந்து மோதும், உள்பக்கம் சரிவுல கருங்கல் பதிச்சிருக்காங்க, ஃபைபர் படகு அதுல ஒரு தேய் தேய்ச்சா கீழ ஜெல்கோட்ங்குற மேல்பூச்சு உரிஞ்சு போயிரும். எனக்கு ரெண்டு எடத்துல உரிஞ்சு பேட்ச் போட்டேன். ஆடியில மேக்குப்பக்கத்து ஊருங்கள்ல இருந்து எறக்குங்க, காத்து முதுகுப்பக்கம் இருந்து வரும், தண்ணி அமைதியா இருக்கும், முழங்கால் சேறுதான் ஒரே கஷ்டம். கீழ்காத்து காலத்துல அப்படியே மாத்தி பெரிய கரையில எறக்கலாம். லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடை ஷட்டர் பக்கமும், மதகுங்க பக்கமும் எந்தக் காத்துலயும் போகாதீங்க.

இன்னொன்னு, கரண்டு கம்பி. பாய்மரம் அலுமினியம். கரையில கொண்டு வந்து நிமித்துறதுக்கு முன்னாடி தலைக்கு மேல ஒரு தடவை பாருங்க, படகைத் தள்ளிட்டுப் போற வழி முழுக்க பாருங்க. நாங்க கம்பி தாண்டி தண்ணி ஓரத்துக்கு வந்தப்பறம்தான் மரத்தைத் தூக்குவோம், எவ்ளோ அவசரம்னாலும் இதை மாத்துனதில்ல.

படகை எங்க வெக்கிறது? தண்ணியிலயே கட்டிப்போட்டு வெக்கலாம்ங்குற நெனப்பை விட்டுருங்க, ஒரே ராத்திரியில நீர்மட்டம் ஏறும் எறங்கும், பாசி புடிக்கும். எங்களுக்கு ஒரு அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில பாதி எடம் கெடைச்சுது, மாசம் ஒரு தொகை குடுக்குறோம். படகைக் குப்புற கவுத்து, ரெண்டு பழைய டயர் மேல வெச்சு, தார்ப்பாய் போட்டு மூடிருவோம். பாயை மட்டும் அங்க வெக்காதீங்க, எலி கடிக்கும், சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க. தள்ளுவண்டி ஒரு பட்டறையில செய்யச் சொன்னோம், சின்ன இரும்புச் சக்கரத்தைப் போட்டுக் குடுத்துட்டாங்க, மொத நாளே சேத்துல பொதஞ்சு நாலு பேரு சேந்து தூக்க வேண்டியதாப் போச்சு. அப்பறம் பழைய ஸ்கூட்டர் சக்கரம் வாங்கி மாத்துனோம், இப்ப ஒருத்தனே தள்ளிருவேன். கும்பகோணத்துல இருந்து மொதல்ல கொண்டு போனது குட்டி யானையில, பின்னாடி ஆறடிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும், செவப்புத் துணி கட்டிட்டுப் போங்க.

மீன் புடிக்கிறவங்க கிட்ட பேசாம எறங்காதீங்க, அது அவங்க பொழப்பு. நரம்பு வலை தண்ணிக்கு அடியில தெரியாது, நம்ம பலகை மாட்டுனா அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. நாங்க மொத வாரமே போயி எந்தப் பக்கம் வலை, எத்தனை மணிக்கு எடுப்பீங்கன்னு கேட்டுக்கிட்டோம், இப்ப அவங்களே போன் பண்ணி "இன்னைக்கு வடக்கால போங்க தம்பி"ன்னு சொல்லிடுறாங்க. முதலை கண்ணுல பட்டுச்சான்னும் ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுதான் எறங்குறோம். ஏரியைப் பாத்துக்குற ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்து கேளுங்க, 2004ல இருந்து சென்னைக்கு குடிதண்ணி போற ஏரி இது, எஞ்சின் மாட்டுறதைப் பத்தி நெனைக்கவே கூடாது. பாய்க்கு எண்ணெயும் வேணாம் பொகையும் வேணாம், அதை நான் பெருமையாவே சொல்லிக்குவேன்.

தண்ணிக் கணக்கு மேட்டூர்ல இருந்து ஆரம்பிக்குது. வழக்கமா ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுவாங்க, ஆனா 2022ல மே 24லயே தொறந்தாங்க, 2024ல ஜூலை கடைசி ஆயிருச்சு. தண்ணி கல்லணை, கீழணை எல்லாம் தாண்டி வடவாத்து வழியா இங்க வந்து நெறையணும். குடிதண்ணிக்காக கோடையிலயும் முடிஞ்ச அளவுக்கு தேக்கி வெக்கிறாங்க, அதனாலதான் பங்குனி கீழ்காத்துல நமக்கு ஓட்ட முடியுது, மத்த ஏரியில அப்ப கிரிக்கெட் ஆடிட்டு இருப்பாங்க. மழை பொய்ச்ச வருஷத்துல வீராணமும் வறண்டிருக்கு, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஐப்பசி, கார்த்திகையில அடைமழை, மேக்கால இருந்து ஓடைத்தண்ணியும் சேந்து வரும், அந்த ரெண்டு மாசம் படகை எறக்குறதே இல்ல.

காத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஆழத்துக்கு ரெண்டரை, எறக்குற வசதிக்கு மூணு, ஊர்க்காரங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் தகும். கும்பகோணம், சிதம்பரம், ஜெயங்கொண்டம் பக்கம் யாராவது சின்ன படகு வாங்க நெனச்சா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழமை வாங்க, ரெண்டு பேரு ஏறலாம், லைஃப் ஜாக்கெட் ஒண்ணு கூடுதலா வெச்சிருக்கேன். காலையில ஆறு மணிக்கு லால்பேட்டையில இருந்தா போதும், மாத்து உடுப்பு ஒண்ணு எடுத்துட்டு வாங்க.